சிலம்ப வகுப்பு நோட்டீஸ்: வரலாறு எதுவரை சரி? கம்பு எந்த அளவு? காலடிக்கு ஏன் இத்தனை நாள்?

வேளச்சேரி வாசகி:

வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் வருகிற விஜயதசமியன்று சிலம்ப வகுப்பு தொடங்குகிறது. எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை பிள்ளைகள் பதினோரு பேர், பெரியவர்கள் நான்கு பேர். இடம் மொட்டை மாடி: நீளம் 22 அடி, அகலம் 18 அடி, ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. வகுப்புக்கான நோட்டீஸ் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கையில் கிடைத்த வரைவில் இப்படி இருக்கிறது: "5000 ஆண்டுப் பழமையான கலை. அகத்தியர் அருளியது. போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டு போனார். வெள்ளைக்காரன் தடை செய்தான். புறநானூறே களரியைப் பாடுகிறது." பிள்ளைகள் கையில் கொடுக்கும் தாளில் பொய் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். இதில் எது நிற்கும், எது நிற்காது?

இன்னும் இரண்டு சந்தேகம். கடைக்காரர் எல்லோருக்கும் ஆறடிக் கம்புதான் என்கிறார். மொத்தமாக வாங்கினால் விலையும் குறைவாம். சரிதானா? முதல் இரண்டு மாதம் கம்பே கிடையாது, காலடி (கால் வைத்து நகரும் முறை) மட்டும்தான் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். "கட்டணம் கட்டிவிட்டு நடக்கவா சொல்லித் தருவார்கள்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஏடும் எழுத்தும்:

வரைவை வரி வரியாகப் பார்க்கலாம்.

"5000 ஆண்டு" என்பதை எடுத்துவிடுங்கள். அப்படி ஒரு எண்ணுக்குக் கல்வெட்டும் இல்லை, பாட்டும் இல்லை, அகழாய்வும் இல்லை. எண் இல்லாமலே சொல்ல நிறைய இருக்கிறது.

"புறநானூறே களரியைப் பாடுகிறது" என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 356ஆம் பாட்டு "களரி பரந்து கள்ளி போகி" என்று தொடங்குவது உண்மை. ஆனால் அந்தப் பாட்டு சுடுகாட்டைப் பற்றியது. களர் படர்ந்து, கள்ளி மண்டி, பகலிலேயே கோட்டான் கூவுகிற முதுகாடு. அங்கே களரி என்றால் களர் நிலம். அதைப் பயிற்சிக்கூடம் என்று எடுத்துப் போட்டால், பாட்டை ஒருமுறை படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளை கூடச் சிரிக்கும். போர்ப்பயிற்சிக்குப் புறநானூற்றிலிருந்தே சான்று வேண்டுமென்றால் 80ஆம் பாட்டை எடுங்கள். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்ததைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் மார்பில் ஊன்றி, ஒரு கால் முதுகில் வளைத்து என்று பிடியையே காட்டுகிறார். மல்லுக்கு இதைவிடக் கண்ணெதிரான சான்று வேண்டாம்.

பெயருக்கு வருவோம். சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு காற்றைக் கிழிக்கும்போது எழும் ஓசையிலிருந்து சிலம்பம் என்ற பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். சிலம்பு என்றால் மலை என்றும் பொருள் உண்டு. குறிஞ்சித் தலைவனுக்குச் சிலம்பன் என்று பெயர். மூங்கில் விளையும் மலையோடு இதைச் சேர்ப்பது இன்னொரு விளக்கம். நோட்டீஸில் இரண்டையும் போடலாம். இரண்டுமே சொல்லுக்கான விளக்கம்தான், கலைக்கான காலக்கணக்கு இல்லை.

அகத்தியரை மரபு என்று சொல்லி வைத்துக்கொள்ளலாம். "ஆசான்கள் அகத்தியரை முதல் குருவாக வணங்குகிறார்கள்" என்று எழுதினால் அது உண்மை. கேரளத்தின் வடக்கன் களரியில் பரசுராமர், தெற்கன் களரியிலும் குமரி மாவட்டத்துச் சண்டைக்கலையான அடிமுறையிலும் அகத்தியர் என்பது இன்றுவரை கூடத்தில் சொல்லித் தரும் வழக்கம்.

போதிதர்மர் வரியை முழுவதும் நீக்குங்கள். 547ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட லோயாங் பற்றிய சீன நூல் அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அவருடைய சீடர் வழியில் வந்த குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. இந்தப் பழைய குறிப்புகள் எதுவும் அவர் சண்டைக்கலை கற்பித்ததாகச் சொல்லவில்லை. அவர் பெயரில் வழங்கும் உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடையில் ஓராயிரம் ஆண்டு இடைவெளி. அதை நம் பெருமைக்காகத் தாண்டிக் குதிக்க வேண்டியதில்லை.

"வெள்ளைக்காரன் தடை செய்தான்" என்பதில் உண்மை இருக்கிறது, ஆனால் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில், நம் சென்னைக் கோட்டையிலிருந்த ஆளுநர் எட்வர்ட் கிளைவ், பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் அறிக்கை விட்டார். 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. இவை குறிவைத்தது வேல், வாள், துப்பாக்கி. கம்பு வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் இருந்தது, அதை எப்படிப் பறிப்பது? ஆயுதம் ஏந்திய படைமரபு அறுந்து, கம்பு மட்டும் திருவிழாவில் தங்கிவிட்டது என்று எழுதுவதே சரி. அலங்காரச் சிலம்பம் இவ்வளவு செழித்ததற்கும் போர்ச்சிலம்பம் ஒடுங்கியதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

ஒரு கூடுதல் செய்தி, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் மருதுவை எதிர்த்துப் போரிட்டவர். வேல் எறியவும் வளரி (வளைந்த எறிதடி) வீசவும் தனக்கு முதலில் சொல்லித் தந்ததே சின்ன மருதுதான் என்று 1830இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தஞ்சை ஆயுதச்சாலையிலிருந்து வந்த தந்த வளரி இரண்டு அங்கே இருப்பதாக 1909இல் குறித்திருக்கிறார்.

பழமைக்குச் சான்று தேடுகிறவர்கள் கூடத்தில் புழங்கும் சொற்களைக் கவனிப்பதே இல்லை. கம்பு எடுத்ததும் செய்வது சலாம் வரிசை. வட சென்னையில் வாத்தியாரை வஸ்தாது என்பார்கள்; உருதுவில் ஆசானைக் குறிக்கும் உஸ்தாத் என்பதுதான் அப்படித் திரிந்தது. பயிற்சி இடத்துக்குத் தாலீம் என்று பெயர். குறவஞ்சி, துளுக்காணம், மறக்காணம், நாகம் பதினாறு, கள்ளப்பத்து என்று பாட வகைகள் போகின்றன. மலைக்குறவர், பாளையப் படை, நவாபு காலம் என்று ஒவ்வொரு அடுக்கும் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஒரே ஒரு முனிவர் ஒரே நாளில் அருளியதாகச் சொன்னால் இத்தனை பேருடைய உழைப்பையும் மறைத்துவிடுகிறோம்.

மூங்கில் கணு:

கம்பு பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லோருக்கும் ஆறடி என்பது தவறு. அது வெறும் சம்பிரதாயப் பேச்சும் இல்லை, அளந்து பார்த்தாலே தெரியும்.

135 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு முழங்கை உயரம் ஏறக்குறைய 82 செ.மீ. ஆறடிக் கம்பு 183 செ.மீ. நடுவில் பிடித்து முழங்கை உயரத்தில் பக்கவாட்டில் சுற்றினால், பாதிக் கம்பு 91 செ.மீ. ஒவ்வொரு சுற்றிலும் நுனி தரையில் மோதும். மோதாமலிருக்கப் பிள்ளை தோளைத் தூக்கும். தூக்கிய தோள் பழக்கமாகிவிட்டால் பிறகு இறக்கவே முடியாது. எடைக்கணக்கும் உண்டு. ஒரே பருமனில் நீளம் கூடக்கூட, சுற்றத் தேவையான விசை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 120 செ.மீ. கம்பைச் சுற்றுவதோடு ஒப்பிட்டால் ஆறடிக் கம்புக்கு மூன்றரை மடங்கு முறுக்கு விசை வேண்டும். மணிக்கட்டு அதைத் தாங்காது.

அளவு எடுக்கும் முறை எளிது. வெறுங்காலோடு சுவரோரம் நிற்க வைத்து, தரையிலிருந்து நெற்றிப்பொட்டு வரை அளந்துகொள்ளுங்கள். 168 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது ஐந்தடிக்கு இரண்டு மூன்று அங்குலம் கூட வரும். பிள்ளைகளுக்குப் புருவம் வரை போதும். வளர்வார்கள் என்று நீளம் கூட்டி வாங்க வேண்டாம், ஆண்டுக்கு ஒரு கம்பு மாற்றுவதே மேல். பருமன், அதாவது விட்டம், பெரியவர்களுக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ., பிள்ளைகளுக்கு 2 செ.மீ. பிடித்தால் நடுவிரல் நுனி பெருவிரலின் முதல் ரேகையைத் தொட வேண்டும். அதைத் தாண்டி உள்ளங்கையில் குத்தினால் கம்பு மெலிது; எட்டவே இல்லையென்றால் பருமன் கூடுதல்.

எந்த மரம்? பிரம்பு வளையும், பிளக்காது. எதிரெதிர் ஆடும் தொடுமுறைக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது. கல்மூங்கில் கெட்டி, ஓசை நன்றாக வரும், ஆனால் பிளந்தால் சிலாம்பு கையில் ஏறும். சாரம் கட்டுகிற மூங்கிலை அறுத்துத் தரச் சம்மதிக்காதீர்கள், உள்ளே கூடு பெரிது, ஒரு மோதலில் வாய் பிளக்கும். சவுக்குக் கம்பு வேண்டவே வேண்டாம். எடை அதிகம், நேராகவும் இருக்காது. 2.6 செ.மீ. பருமனுள்ள ஐந்தரை அடிப் பிரம்பு அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். கெட்டி மூங்கில் அறுநூறு கிராமைத் தொடும்.

கடையிலேயே சோதித்துவிடுங்கள். சிமெண்ட் தரையில் உருட்டுங்கள், தத்தித் தத்தி ஓடினால் கோணல். ஒரு முனையைக் கண்ணருகே வைத்து மறுமுனை வரை பாருங்கள். லேசான வளைவைத் தணலில் வாட்டி நிமிர்த்தலாம், கணுவிலேயே திருகல் இருந்தால் நிமிராது. மூங்கிலானால் இரு முனையும் கணுவை ஒட்டி அறுத்திருக்க வேண்டும். கணுவுக்கு நடுவில் அறுத்தால் முனை குழாய் மாதிரி திறந்திருக்கும், முதல் மாதமே பிளக்கும். ஊசித்துளை அளவு ஓட்டையும் அதன் கீழே மஞ்சள் மாவும் தெரிந்தால் உளுத்த கம்பு. மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னத்தான் வண்டு வருகிறது. வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போடுவது அந்தச் சத்து கரைந்து போவதற்காக. ஊறிய கம்பா என்று கடையில் கேளுங்கள்.

சென்னையில் பராமரிப்புக்கு ஒரு எச்சரிக்கை. ஏ.சி. அறையில் வைத்தால் காய்ந்து கீறும். ஐப்பசி கார்த்திகையில் மாடிப்படி ஓரம் வைத்தால் பூசணம் பூக்கும். மாதம் ஒருமுறை நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் துடைத்து, ஒரு மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் வழித்துவிடுங்கள். எண்ணெய் மிஞ்சினால் பிடி வழுக்கும். சுவரில் சாய்த்து வைத்தால் வில்லாக வளையும். ஆணியில் தொங்கவிடுங்கள், அல்லது தரையில் படுக்க வையுங்கள்.

ஈரமணல்:

இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கவலை. ஒருவர் கம்பை நடுவில் பிடித்துச் சுற்றினால் கை நீளம் 70 செ.மீ., பாதிக் கம்பு 80 செ.மீ. சேர்ந்து ஒன்றரை மீட்டர் ஆரம், அதாவது பத்தடி வட்டம். முனையைப் பிடித்து முழு வீச்சு வீசினால் ஆரம் 2.3 மீட்டருக்கு மேல், பதினைந்தரை அடி வட்டம். உங்கள் 22க்கு 18 மாடியில் தண்ணீர்த் தொட்டி போக, பெரியவர் என்றால் நடுப்பிடியில் ஒரே நேரத்தில் இருவர், முழு வீச்சில் ஒருவர் மட்டும். பிள்ளைகள் நடுப்பிடியில் நால்வர். மற்றவர்கள் படிக்கட்டுப் பக்கம் சுவரோரம் உட்கார்ந்து பார்க்கட்டும். நொடிக்கு இரண்டு சுற்று என்று வைத்தால், ஒரு மீட்டர் ஆரத்தில் நுனியின் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். கை நழுவிய கம்பு கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே தெருவில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தெருப் பக்கச் சுவரை ஒட்டிய ஓரத்தில் யாரும் சுற்றக் கூடாது என்று சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கேபிள் வயர், துணிக்கொடி இரண்டையும் முதல் நாளே அவிழ்த்துவிடுங்கள்.

அடுத்து, "மாடி வேண்டாம், பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகலாம்" என்று யாராவது சொல்வார்கள். காய்ந்த மணலில் தொடக்கக்காரருக்குக் காலடி சொல்லித் தராதீர்கள். குதிகால் புதைந்துவிடும், பாதம் திரும்பாது, உடம்பு மட்டும் திரும்பும். முறுக்கு முழங்காலில் விழும். தண்ணீரோரம் கெட்டியான மணல் பரவாயில்லை என்றாலும் அங்கே சரிவு இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே நிற்கும். பள்ளி மைதானத்தின் இறுகிய செம்மண் கிடைத்தால் அதுதான் தலைசிறந்தது. மாடியில் வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். தட்டு ஓடு பதித்த தளமானால் மழை ஈரம் காயும்வரை வகுப்பே வேண்டாம்.

வேளச்சேரி வாசகி:

மிக்க நன்றி. ஆறடிக் கம்பு ஆர்டரை நிறுத்திவிட்டேன். தெருப் பக்கக் கோடு உடனே போடுகிறோம். காலடி பற்றித்தான் இன்னும் தெளிவு வேண்டும். வீடியோ பார்த்து வீட்டிலேயே சுற்ற ஆரம்பித்த இரண்டு பிள்ளைகளுக்குக் கணுக்காலிலும் எதிர்முழங்காலிலும் அடி விழுகிறது. அது ஏன்?

காலடி:

இரண்டு அடியும் ஒரே தவறிலிருந்துதான் வருகின்றன. பக்கவாட்டு எட்டு வீச்சை நிதானமாகப் பார்ப்போம். வலக்கையில் கம்பின் நடு. முன் நுனி கீழே இறங்கி, வலமுழங்காலுக்கு வெளிப்புறமாகப் பின்னே போகிறது. பின் நுனி தோளுக்கு மேலாக முன்னே வருகிறது. வலப்பக்கச் சுற்று முடியும்போது புறங்கை மேலே இருக்கும். பிறகுதான் கை உடம்பைத் தாண்டி இடப்பக்கம் போகும். அங்கே சுற்று முடியும்போது உள்ளங்கை மேலே. புறங்கை, உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கை: வாயால் சொல்லிக்கொண்டே மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள்.

நுனி முழங்காலைக் கடப்பதற்கு முன்பே கையை இடப்பக்கம் இழுத்தால் சுழலும் தளம் உள்ளே சாயும், கணுக்காலில் விழும். முன்கையைத் திருப்பாமல் முழங்கையைத் தூக்கித் திருப்பினால் இடப்பக்கச் சுற்று குறுக்காகும், எதிர்முழங்காலில் விழும். திருத்த ஒரு வழி: வலப்பக்கம் சுவர் இருக்குமாறு, கம்பு பிடித்த கையிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்க வையுங்கள். தளம் வெளியே சாய்ந்தால் நுனி சுவரில் தட்டும், உள்ளே சாய்ந்தால் காலில் தட்டும். இரண்டும் இல்லாமல் இருபது சுற்று வந்தால் கை பழகிவிட்டது. வேகம் பிறகு. இன்னொன்று: ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் அச்சு, மற்ற மூன்றும் திறந்து மூட வேண்டும். இறுக்கினால் மணிக்கட்டின் பெருவிரல் பக்கம் வீங்கும். இடக்கையை முதலில் பழக்குங்கள். வலக்கை எப்படியும் வந்துவிடும்.

இப்போது பெற்றோர் கேள்விக்கு வருகிறேன். கம்பு கைக்கு வந்ததும் கண் கம்பைப் பார்க்கும், கால் கல்லாகிவிடும். நின்ற இடத்தில் அழகாகச் சுற்றுகிற பிள்ளையை எதிரில் நிற்பவர் ஒரே எட்டில் தொட்டுவிடுவார். அடியின் கனமும் கையில் இல்லை. பின்கால் தரையைத் தள்ள, இடுப்பு திரும்ப, தோள் கடைசியாகப் போகும். கால் வராதவனுக்கு வெறும் தோள்பட்டை வலிதான் மிஞ்சும். அதனால்தான் பழைய கூடங்களில் காலடி கெட்டியான பிறகே கம்பைத் தொட விட்டார்கள்.

தரையில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போடுங்கள்: பெரியவர்களுக்கு இரண்டரை அடிப் பக்கம், பிள்ளைகளுக்கு ஒன்றரை அடி. முன்கால் ஒரு மூலையில், பின்கால் எதிர்மூலையில். முன்பாதம் நேராக, பின்பாதம் பாதி வெளியே திரும்பி. முழங்கால் லேசாக மடங்கி, குனிந்து பார்த்தால் முட்டி பெருவிரலை மறைக்கும் அளவு. முன் மிதி, பின் மிதி, பக்க மிதி, பிறகு திருப்பம். திரும்பும்போது குதிகால் ஒரு விரல்கடை உயர வேண்டும், பாதத்தின் முன்பந்தில் உடம்பு திரும்ப வேண்டும். குதிகால் ஒட்டிக்கொண்டால் முழங்கால் முறுகும். கால்களைக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே வைக்கக் கூடாது, அந்த நொடியில் ஒரு சிறுபிள்ளை தள்ளினாலும் விழுவோம். நாலு மூலைக்கும் நாலு திசைக்கும் இப்படி அடைத்துக்கொண்டு ஆடுவதுதான் வீடு கட்டுதல். "வீடு கட்டி அடிக்கிறான்" என்று நாம் தெருவில் சொல்கிற சொல் இந்தக் கட்டத்திலிருந்து வந்தது.

தலை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க, மடங்கி நிற்கும் உயரத்துக்கு இரண்டு விரல் மேலே ஒரு நூல் கட்டுங்கள். முடி நூலில் பட்டால் எழும்புகிறார்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் காலடி, பத்து நிமிடம் குத்துவரிசை (வெறுங்கைப் பயிற்சி), ஐந்தைந்து பஸ்கி (உட்கார்ந்து எழுதல்) என்று தொடங்கினால் இரண்டு மாதத்தில் நூலில் படாமல் கட்டத்தைச் சுற்றி வருவார்கள். உங்கள் வாத்தியார் சொன்ன கணக்கு சரியான கணக்கு.

கூடத்துக் குரல்:

மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் வெறுங்கை என்றால் மூன்றாம் வாரமே வரமாட்டான். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் இரண்டடிக் குச்சி ஒன்றைக் கொடுத்து, உட்கார்ந்தபடியே மணிக்கட்டுச் சுற்று பழக்கலாம். கால் தரையில் மடங்கியிருப்பதால் தப்பான காலடி பதியாது, கையும் தயாராகும். காலடியின் இடத்தை அது பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

களரியையும் சிலம்பத்தையும் ஒன்றாகக் குழப்பி நோட்டீஸ் எழுத வேண்டாம். வடக்கன் களரி கூடத்தின் அமைப்பே வேறு. 42 அடி நீளம், 21 அடி அகலம், கிழக்கு மேற்காக, தரைமட்டத்துக்குக் கீழே குழித்த கூடம், கிழக்கில் வாசல், தென்மேற்கு மூலையில் ஏழு படியுள்ள பூத்தறை என்ற வழிபாட்டு மேடை. அங்கே பாடம் உடம்பிலிருந்து தொடங்கும்: மெய்த்தாரி (உடற்பயிற்சி), பிறகு கோல்தாரி (மர ஆயுதம்), அங்கத்தாரி (உலோக ஆயுதம்), கடைசியில் வெறுங்கை. தமிழில் பயிற்று என்பதும் மலையாளத்தில் பயற்று என்பதும் ஒரே வேர். அந்த மரபைப் பற்றி வெளிநாட்டார் குறிப்பும் உண்டு: ஏழு வயதில் நாயர் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புவதாகப் போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். சிலம்பத்துக்குத் திறந்தவெளி, நெடுங்கம்பு, வட்டம். ஒன்று மற்றொன்றின் தாய் என்று சண்டை போடுவதால் இரண்டு மரபுக்கும் லாபமில்லை.

உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைக் குறிக்கும் வர்மம் என்ற சொல்லைத் தயவுசெய்து நோட்டீஸில் போடாதீர்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, மொத்தம் 108 என்பது மரபு. அது மருத்துவத்தோடு சேர்த்து, வயதும் நிதானமும் வந்த பிறகு தருகிற பாடம். சித்த மருத்துவப் படிப்பில் சிறப்பு மருத்துவம் என்ற துறையில் வைத்திருப்பதும் அதனால்தான். "ஒரு மாதத்தில் வர்மம்" என்று விளம்பரம் கண்டால் விலகிவிடுங்கள்.

சான்றிதழ் பற்றிப் பெற்றோர் கண்டிப்பாகக் கேட்பார்கள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021இல் சிலம்பம் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்குப் பிறகு ஆளுக்கொரு சங்கம், ஆளுக்கொரு சான்றிதழ். தாளில் இருக்கும் தங்க முத்திரையைப் பார்க்காமல், அந்தப் போட்டியை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்கிறதா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசகி:

திருத்திய வரைவு, பார்த்துச் சொல்லுங்கள்:

"சிலம்பம் தமிழ்நாட்டுக் கம்புக்கலை. ஆசான்கள் அகத்தியரை முதல் குருவாக வணங்கித் தொடங்குவார்கள். 1801இல் பாளையக்காரர் போருக்குப் பின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டபோதும் கம்பு ஊர்த்திருவிழாவில் உயிரோடு இருந்தது. முதல் இரண்டு மாதம் காலடியும் குத்துவரிசையும். சிறு பிள்ளைகளுக்குக் கடைசிப் பத்து நிமிடம் இரண்டடிக் குச்சி. கம்பை நாங்கள் மொத்தமாக வாங்கவில்லை. மூன்றாம் மாதம் ஒவ்வொருவரையும் அளந்த பிறகு சொல்வோம். வெறுங்கால், பருத்தி உடை, நகம் வெட்டியிருக்க வேண்டும். விஜயதசமி காலை 6 மணி, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்துடன் வரவும்."

ஏடும் எழுத்தும்:

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். "தமிழ்நாட்டுக் கம்புக்கலை" என்பதற்குப் பதில் "தமிழரின் கம்புக்கலை" என்று போடுங்கள். தோட்ட வேலைக்குப் போன நம் மக்கள் மலேசியாவில் அதைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட வேண்டாம்.

மூங்கில் கணு:

அளக்கும்போது காலணியைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள். ஷூவோடு அளந்தால் ஒரு அங்குலம் கூடிவிடும், கம்பும் அந்த அளவு நீண்டுவிடும்.